இருபதடி வீட்டில் ஒரு வளவு

பாலிகார்பனேட் தகட்டைக் கழற்றிக் கீழே இறக்கிய அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. செராஸில் நான்கு மணிக்கு மேல் மழை வருவது புதிதல்ல. எங்கள் வீட்டுக்குள்ளே பெய்ததுதான் புதிது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே எட்டடிக்கு ஆறடியில் இருக்கும் ஒரு குழியில், முப்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக. அடுப்படியில் நின்ற அம்மா கரண்டியோடு வந்து பார்த்தார். "காசு குடுத்து வீட்டை ஒழுக வெச்சிட்டியேம்மா" என்றார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு, "காத்து நல்லாத்தான் வருது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

செராஸ் 9-ஆவது மைல் பக்கம், காஜாங் பக்கம், தாமான் மிடா, தாமான் கன்னாட் பக்கமெல்லாம் இருக்கும் பழைய தெரஸ் வீடுகளில் பெரும்பாலானவை இருபதடி அகலம், எழுபதடி நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோதான் வரவேண்டும். நடு வீடு இருண்டுவிடக் கூடாது என்று பல வீடுகளில் கட்டும்போதே வானத்தைப் பார்த்தபடி ஒரு இடைவெளி விட்டிருப்பார்கள். குத்தகையாளர்கள் அதை 'ஏர்வெல்' என்பார்கள். சாவி வாங்கிய முதல் வருடமே நம்மில் முக்கால்வாசிப் பேர் அதற்கு மேலே ஒரு தகட்டைப் போட்டு மூடி, துணி துவைக்கும் இயந்திரத்தையும் அரிசி மூட்டையையும் அங்கே தள்ளிவிட்டோம். பகலிலும் விளக்கு எரியும் கூடம் நமக்குப் பழகிப்போய்விட்டது.

நான் ஒரு செட்டிநாட்டு வீடு வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையில் இறங்கினேன். ஆசை எனக்கு மட்டுமில்லை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் குத்துவிளக்கு, உருளி, மரத் தொட்டில், மணி கோத்த தோரணம் என்று அடுக்கி வைத்திருக்கும் கடைகளில் நின்றால் தெரியும், எத்தனை பேர் கைப்பேசியில் ஒரு வீட்டின் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்கிறார்கள் என்று. தூண், ஊஞ்சல், பூப்போட்ட தரைக்கல், பித்தளைக் குமிழ் வைத்த கதவு. அந்தப் பட்டியலோடுதான் நானும் கிளம்பினேன். காரைக்குடியில் இறங்கி, கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டு வாசலில் நின்றபோது பட்டியல் கையிலேயே இருந்தது. ஆனால் நான் பார்த்தது அந்தப் பட்டியலில் இல்லை.

வாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு வரைக்கும் கண் தடையில்லாமல் போகிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரே நேர்கோடு. வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று கட்டம் கட்டமாக மாறி, கடைசியில் பின்கட்டுக் கதவுக்கு அப்பால் அடிக்கும் வெயில் ஒரு சின்னச் சதுரமாகத் தெரிகிறது. நடுவில் இருக்கும் வளவுதான் வீட்டின் உயிர். மேலே திறந்த வானம். சுற்றிலும் தூண் வரிசை. தூணுக்குப் பின்னால் நடை. நடையை ஒட்டி வரிசையாக அறைகள், கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. மழை நீர் நான்கு பக்கத்துக் கூரையிலிருந்தும் நடுவே விழுந்து கல்தளத்தில் ஓடி வடிகிறது. உக்கிரமான வெயில் காலத்தில் போயிருந்தேன். நடையில் உட்கார்ந்ததும் சட்டென்று உடம்பு குளிர்ந்தது. சூடான காற்று வளவு வழியாக மேலே ஏறிப் போக, முகப்பிலிருந்து புதுக் காற்று உள்ளே வருகிறது. சுவரைத் தொட்டால் பளிங்கு போல இருந்தது. சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று பல படியாகப் பூசித் தேய்த்த பூச்சு அது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபத்துச் சொச்சம் ஊர்களில் இப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940கள் வரைக்கும் எழுந்தவை. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து. 2014-இல் இவற்றில் சில ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பர்மா, சிலோன், வியட்நாம், அப்புறம் நம் மலாயா. கோலாலம்பூர் லெபோ அம்பாங்கை இன்றைக்கும் பழைய ஆட்கள் செட்டித் தெரு என்றுதான் சொல்வார்கள். அங்கே மயில் உருவமும் வண்ண ஓடும் பதித்த கடைவீட்டு முகப்புகளை இப்போதும் பார்க்கலாம். அங்கே செட்டியார்கள் வட்டிக்குக் கடன் கொடுத்த கிட்டங்கிகளுக்குள்ளே அந்நாளில் மேசை நாற்காலி கிடையாது. நீண்ட கூடத்தில் பாய் விரித்து, ஆளுக்கு ஒரு மரப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ரப்பர் நிலமும் ஈயச் சுரங்கமும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் அடகு வந்தன.

என் பாட்டி பால்மரம் வெட்டினவர். செராஸுக்கும் காஜாங்குக்கும் நடுவே அன்றைக்கு இருந்த ஒரு தோட்டத்தில், விடியுமுன்னே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்றவர். கானாடுகாத்தான் தேக்குத் தூணில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவர் ஞாபகம் வந்தது. மலாயா ரப்பரின் ஒரு முனையில் இந்தத் தூண் இருக்கிறது, இன்னொரு முனையில் பாட்டியின் தோட்டத்து லைன் வீடு இருக்கிறது. நான் என் வீட்டுக்குக் கொண்டுபோக நினைத்தது ஒரு முனையை மட்டும்.

கண்ணாடி மேல் பிறக்கும் கல்

முதலில் தரைக்கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில்தான் எனக்குப் படிப்பினையும் பணச் செலவும் அதிகம்.

ஆத்தங்குடியில் ஒரு கொட்டகையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒரு சதுரக் கண்ணாடித் துண்டைத் துடைத்து முன்னால் வைத்தார். அதைச் சுற்றி இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் வளைத்த தகட்டு அச்சு. வண்ணம் கலந்த சிமெண்டுக் கூழைச் சின்னக் கரண்டியில் மொண்டு, இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, மீதிக்கு மஞ்சள் என்று ஊற்றினார். அச்சை மேலே தூக்கும்போது கை துளி நடுங்கவில்லை. கோடு கலையாமல் பூ அப்படியே நின்றது. அதன்மேல் மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, பிறகு ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் அழுத்தி மட்டம் செய்தார். காய்ந்த பிறகு தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறவேண்டும். அதன் பிறகுதான் கண்ணாடியைப் பிரிப்பார்கள். சூளை கிடையாது. மெருகு போடுவதும் கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. "மேல ஒண்ணும் பூசலை தாயி. நடக்க நடக்கத்தான் இது மினுக்கும்" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் எழுதி வைத்துக்கொண்டேனே தவிர, அங்கிருந்து வாங்கி வந்த கல்லைச் செராஸில் பதித்தவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். பதித்து முடித்ததும் சிமெண்டுக் கறையை நீக்க வழக்கம்போல ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள். பீங்கான் ஓட்டுக்கு அது சரி. இது சுடாத சிமெண்டு. மாலையில் வந்து பார்த்தால் சிவப்பு வெளுத்து, மேல்தோல் உரிந்தது போலச் சொரசொரவென்று கிடந்தது தரை. நாற்பது கல்லுக்கு மேல் போயிற்று. அவர்கள்மேல் தப்பில்லை. அவர்களுக்குத் தெரிந்த கல் வேறு. இந்தக் கல்லுக்குத் தண்ணீரும், எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியும் போதும். எலுமிச்சை, வினிகர், குளியலறை சுத்தம் செய்யும் திரவம் எதுவும் ஆகாது. வாங்க நினைப்பவர்கள் இதைக் கல் பதிக்கிறவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஆத்தங்குடிக் கல்லை நடையில்தான் பதிக்கிறார்கள். மழை விழும் வளவுத் தரை கருங்கல். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஈரம். ஏர்வெல்லைத் திறந்து அதில் பூக்கல்லைப் பதித்தால் ஒரே வருடத்தில் வெள்ளை பூத்துப் பாசி பிடித்துவிடும். நானும் குழிக்குள் சொரசொரப்பான கருங்கல்லைப் போட்டு, மிஞ்சிய பூக்கல்லைச் சுற்றிலும் ஒன்றரை அடி அகலத்துக்கு ஓரம் கட்டினேன். பணம் போதாமல் செய்ததுதான். ஆனால் காரைக்குடியில் அதுவே முறை.

பூக்கல் என்றதும் நம் ஊரிலேயே இருக்கும் ஒரு உறவைச் சொல்ல வேண்டும். மலாக்காவிலும் பினாங்கிலும் பெரானாக்கான் வீட்டு முகப்பில் பளபளவென்று மின்னும் மஜோலிகா ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். முதலில் இங்கிலாந்திலிருந்தும், பிறகு ஜப்பானிலிருந்தும் வந்தவை. ஆவாஜித் தீவின் டான்டோ போன்ற நிறுவனங்கள் செய்த அதே வகை ஓடுகள் கப்பலேறிச் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களிலும் போய் ஒட்டியிருக்கின்றன. பெரானாக்கான் வீட்டு ரோஜாவும் செட்டியார் வீட்டு ரோஜாவும் ஒரே அச்சில் வார்த்ததாகக்கூட இருக்கலாம். கடைவீடுகளின் நடுவே இருக்கும் ஏர்வெல்லும் செட்டிநாட்டு வளவும் இதே மாதிரி உறவுதான். ஒன்று சீனத்து வழி, ஒன்று தமிழ் வழி. நீண்டு குறுகிய மனையில் இருட்டையும் புழுக்கத்தையும் விரட்ட இரண்டு பேரும் கண்ட விடை ஒன்றே. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டிலும் அதே நடுமுற்றம்.

ஆகவே செராஸ் தெரஸ் வீட்டுக்காரர்கள் தூண் வாங்குவதற்கு முன்னால் அந்தத் தகட்டைக் கழற்றுங்கள் என்று நான் கெஞ்சியே கேட்பேன். நமக்கு வளவு ஏற்கனவே இருக்கிறது.

கொழும்பில் ஒரு வரிசை வீடு

இப்படிச் செய்து காட்டிய ஒருவர் இருக்கிறார். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கொழும்பில் 33-ஆவது ஒழுங்கையில் ஒரு முட்டுச் சந்தில் நான்கு சின்ன வரிசை வீடுகள் இருந்தன. 1958-இல் ஒன்றில் குடியேறியவர், பத்து வருடத்துக்குள் நான்கையும் தமதாக்கி, இடைச்சுவர்களை எடுத்து ஒரே வீடாக்கினார். உள்ளே நீளமான வெள்ளை நடை. அங்கங்கே வானம் திறந்த சின்னச் சின்ன முற்றங்கள், சில இடங்களில் ஒரு மரம் நிற்கும் அளவுக்குத்தான். அந்த நடையில் செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்களும் நிற்கின்றன. பக்கத்தில் அவர் காலத்து நவீன நாற்காலி. எல்லாவற்றையும் செட்டிநாடாக மாற்றவில்லை. ஒரு தூணை வைத்தால் அதற்கு மேலிருந்து வெளிச்சம் விழ வேண்டும், சுற்றிலும் வெறுஞ்சுவர் இருக்க வேண்டும் என்று பார்த்தார். இருபது படம், பத்து விளக்கு, ஐந்து பொம்மை என்று நிரப்பிய சுவருக்கு முன்னால் அதே தூணை நிறுத்தினால் அது கடைச் சாமானாகிவிடும்.

இதையே பாவாவுக்கு வெகு முன்பே சொன்னவர்கள் உண்டு. 1897-இல் அமெரிக்காவில் எழுத்தாளர் எடித் வார்ட்டனும் கட்டடக் கலைஞர் ஆக்டன் காட்மனும் வீட்டு அலங்காரத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அறையை அழகாக்குவது கட்டடக் கலையின் ஒரு பகுதி, திரைச்சீலையும் மெத்தையும் அடுக்குகிற வேலையல்ல என்பது அவர்கள் வாதம். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் நடக்கும்போது அது எவ்வளவு சரி என்று பட்டது. இடித்த வீடுகளின் நிலைக்கதவு, உத்தரம், தூண், எனாமல் தூக்கு, கஜலட்சுமி செதுக்கிய விட்டம் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. ஒரு வீட்டைப் பிரித்தால்தான் இன்னொரு வீட்டுக்குத் தூண் கிடைக்கிறது. எனக்குக் கை போகவில்லை. தூண் வாங்காமலே திரும்பினேன்.

கதவை மட்டும் இங்கே மலேசியாவிலேயே தேடினேன். கம்பத்து வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பழைய செங்கால் மரத்தை விற்கிறவர்கள் சிலாங்கூரில் இருக்கிறார்கள். கரையானுக்கும் மழைக்கும் அசையாத மரம். இந்த மண்ணில் விளைந்தது. ஜாலான் ஸ்டோனரில் பாடான் வாரிசான் மலேசியா வளாகத்தில், கெடாவிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து நிறுத்திய பெங்ஹுலு அபு செமானின் வீட்டைப் பார்த்தால் மலாய்த் தச்சரின் கை தெரியும். 1910களிலிருந்து 1930கள் வரை பகுதி பகுதியாகக் கட்டிய வீடு. சுவருக்கு மேலே கூரைக்குக் கீழே பூவேலை செதுக்கிய பலகை ஓடுகிறது. அழகுக்கென்று நினைப்போம். அதன் துளைகள் வழியாகத்தான் புழுக்கம் வெளியே போகிறது. என் கதவுக்கு மேலே அதே மாதிரி ஒரு துளைப் பலகையைப் பொருத்தியிருக்கிறேன். ஏர்வெல் இழுக்கும் காற்று அது வழியாக வருகிறது. இப்போது கூடத்தில் ஏர்கோன் ராத்திரியில் மட்டும்தான்.

தொல்லைகளையும் மறைக்க மாட்டேன். மேலே கம்பி வலை போட்டாக வேண்டும், இல்லையென்றால் வீட்டில் ஒருவரும் தூங்க மாட்டார்கள். வடிகாலின் வாட்டம் ஒரு விரல்கடை தப்பினாலும் தண்ணீர் கூடத்துக்கு வரும். உருளியில் பூ மிதக்கவிடுவது கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தண்ணீரைத் தினமும் கொட்ட வேண்டும். டெங்கிக் கொசு வளர்த்தால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு, அதைவிட வீட்டுப் பிள்ளைகளின் உயிர் உண்டு. சுவரைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் வீடு மாநகர் மன்றத்தின் கீழா, காஜாங் நகராண்மையின் கீழா என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். செராஸ் இரண்டிலும் வருகிறது.

அஞ்சடி

பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயரே செங்கல் சூளைகளால் வந்தது. 1881-இல் கோலாலம்பூரில் தீயும் வெள்ளமும் ஒரே ஆண்டில் வந்து அத்தாப்புக் கூரை ஊர் அழிந்தபின், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டச் சொன்னார் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஸ்வெட்டன்ஹாம். அப்படி எழுந்த கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடை இருக்கும். அது அதற்கு முன்பே சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் 1822-இல் போட்ட திட்டத்திலிருந்து வந்தது. மலாயில் 'காக்கி லீமா'. நம் ஆட்கள் வாயில் அஞ்சடி. கடைத்தெருவில் பிறந்த சொல்தான், தோட்டத்துக்கும் போய்விட்டது. லைன் வீட்டு முன்தாழ்வாரத்தையும் பாட்டி அஞ்சடி என்றுதான் சொன்னார்.

பிரிக்பீல்ட்ஸின் நூறு குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டார்கள். தோட்டங்கள் தாமான்களாகி, லைன் வீடுகளும் போய்விட்டன. செட்டிநாட்டு வீட்டுக்கு யுனெஸ்கோ பட்டியல் இருக்கிறது, முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவில் ஒரு வீட்டையே பிரித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். பலகைச் சுவரும் தகரக் கூரையுமான லைன் வீட்டை யாரும் பாணி என்று சொல்வதில்லை. அதன் வறுமையை நான் அழகாக்க வரவில்லை. பத்துப் பேர் இரண்டு அறையில் படுத்ததும், பொதுக் குழாயில் விடிகாலையில் வாளி வரிசை நின்றதும் சுமைதான். ஆனால் அந்த வீட்டிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. காலண்டர் முருகன் கிழக்குச் சுவரில். கதவுக்குப் பக்கத்தில் விளக்கு மாடம் மாதிரி ஒரு சின்னப் பலகை. எனாமல் கோப்பைகள் ஆணியில் கைப்பிடியால் தொங்கும். அஞ்சடியில் ஒரு நீளப் பலகை, யார் வந்தாலும் முதலில் உட்காருமிடம். வீட்டுக்குள் இடமில்லாததால் வாழ்க்கை முழுக்க அஞ்சடியில் நடந்தது.

அதனால் என் வளவைச் சுற்றி ஊஞ்சல் போடவில்லை. பதினெட்டு அங்குல உயரத்தில் ஒரு நீளப் பலகை போட்டேன், செங்கால் மரம், மெருகு இல்லாமல். பக்கத்துச் சுவரில் இரண்டு மாடம் குடைந்தோம். சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு. எனாமல் கோப்பைகள் ஆணியில் தொங்குகின்றன, தினமும் அதில்தான் கோப்பி குடிக்கிறோம். மாடத்தில் என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் மாடிக்குப் போய், பழைய பெட்டிக்கு அடியிலிருந்து, ரப்பர்ப் பால் பிடிக்கும் பாட்டியின் பால்மங்கு இரண்டை எடுத்துவந்தார். விளிம்பு உடைந்தவை. உள்ளே கறுப்பாய்ப் பால் கறை இன்னும் இருந்தது. இத்தனை வருடம் அவை வீட்டில் இருந்தது எனக்குத் தெரியாது.

தீபாவளிக்கு வந்தவர்களில் சோபாவில் உட்கார்ந்தவர்கள் குறைவு. பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மாடத்தில் மங்குகளில் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றியிருந்தோம். மழை விட்டு, வலையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்த பெரியம்மா எழுந்து போய், அணைந்திருந்த ஒரு மங்கைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் மகள் பக்கத்தில் போய் நின்று, "இது என்னா பெரிய பாட்டி?" என்று கேட்டாள். பெரியம்மா பதில் சொல்லாமல் மங்கை இடது கையில் சாய்த்துப் பிடித்து, வலது கைச் சுட்டுவிரலை உள்ளே விட்டு விளிம்போரமாக ஒரே சுற்று சுற்றி எடுத்தார். "கட்டிப்பாலு இப்படித்தான் வரும்" என்றார். விரலில் எண்ணெய் மட்டும் இருந்தது. பிள்ளை தன் விரலையும் உள்ளே விட்டுச் சுற்றிப் பார்த்தாள்.